வினை யாருடையது? கர்மாவும் சைதன்யமும் பற்றி ஓர் எளிய விளக்கம்

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவு வாசலில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தது எனக்குத் தங்கை முறை ஆகும் ஒருத்தியின் நான்கு வயதுப் பையன். பார்க்க வந்த சொந்தங்களில் ஒரு பெரியம்மா, கிளம்பும்போது அவள் தலையைத் தடவி, "எல்லாம் கர்மாம்மா. போன ஜென்மத்துல யாருக்கு என்ன பண்ணினியோ" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார். அவர் கெட்டவர் இல்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் அழவில்லை. மடியில் இருந்த ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறப்பதும் திருகி மூடுவதுமாக இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "அண்ணே, நான் செஞ்சதுக்கு இவன ஏன் படுத்தணும்?" என்று கேட்டாள்.

பையன் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

கர்மா என்ற சொல் நம் வாயில் தினமும் புழங்குகிறது. கடன் வாங்கி ஏமாற்றியவன் வண்டியிலிருந்து விழுந்தால் "கர்மா சும்மா விடாது" என்று ஸ்டேட்டஸ் வைக்கிறோம். வேண்டாத வேலை தலையில் விழுந்தால் "கருமம்" என்று அலுத்துக்கொள்கிறோம். இன்னொரு பக்கம் ஆத்மா, உணர்வு, பிரபஞ்ச சக்தி என்று யூடியூபில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். இந்து மரபில் இவை தனித்தனிப் பாடங்கள் இல்லை. உணர்வு என்றால் என்ன என்று புரியாமல் கர்மா புரியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

சொல்லின் அர்த்தம்: செயல்

கர்மம் என்ற வடசொல்லின் வேர் "கிரு", அதாவது "செய்". கர்மம் என்றால் செய்கை, அவ்வளவுதான். தமிழில் வினை என்ற சொல்லும் அப்படித்தான். பள்ளி இலக்கணத்தில் வினைச்சொல் என்று படித்தோமே, அதே வினை. தண்டனை, சாபம், தலையெழுத்து என்ற அர்த்தமெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

வேத காலத்தில் கர்மம் என்றால் முதன்மையாகச் சடங்கு, வேள்வி. அப்போதே ஒரு கேள்வி எழுந்தது. இன்றைக்கு வேள்வி செய்கிறோம், நெருப்பு அணைந்துவிடுகிறது, சாம்பலையும் அள்ளியாகிவிட்டது. பலன் எப்போதோ வருகிறது என்கிறார்கள். நடுவில் அது எங்கே இருந்தது?

நெல் போடுகிறவருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. விதைத்த அன்றே யாரும் அறுப்பதில்லை. குறுவை மூன்றரை, நாலு மாதத்தில் கைக்கு வரும். தென்னங்கன்று வைத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பனை வைத்தவர் நுங்கு சாப்பிடுவாரா என்பதே சந்தேகம். நடுவில் உள்ள நாட்களில் பலன் இல்லாமல் போய்விடவில்லை, வேறு வடிவத்தில் மண்ணுக்குள் இருக்கிறது. வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சை மரபினர், செயலுக்கும் பலனுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அந்த இணைப்புக்கு "அபூர்வம்" என்று பெயர் வைத்தார்கள்.

உபநிடதங்கள் இதைச் சடங்கிலிருந்து வாழ்க்கை முழுவதற்கும் விரித்தன. மிகப் பழைய உபநிடதங்களில் ஒன்றான பிருகதாரண்யகம் ஒரு சங்கிலியைச் சொல்கிறது: மனிதன் எதை ஆசைப்படுகிறானோ அதையே உறுதி கொள்கிறான், உறுதி கொண்டதைச் செய்கிறான், செய்ததாகவே ஆகிறான். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். செய்ததற்கான கூலியைப் பெறுகிறான் என்று அங்கே இல்லை. செய்ததாக *ஆகிறான்* என்று இருக்கிறது.

இதுவரை பார்த்தது இரண்டு விஷயம். கர்மா என்றால் செயல். செயல் முடிந்தாலும் அதன் விளைவு வேறு வடிவத்தில் காத்திருக்கிறது.

பெருங்காய டப்பா

அது எங்கே காத்திருக்கிறது? மேலே ஒருவர் பேரேடு வைத்துக்கொண்டு எழுதுகிறார் என்பது நாம் சின்ன வயதில் கேட்ட கதை. சித்திரகுப்தன் கணக்கு. காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. அந்தக் கதையில் பிழை எதுவும் இல்லை, குழந்தைக்கும் புரிகிற சித்திரம் அது. "குப்தம்" என்றால் மறைந்திருப்பது. ஒவ்வொருவருக்குள்ளும் மறைந்து பதிகிற சித்திரம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வதும் உண்டு. தத்துவ நூல்கள் சொல்வது கிட்டத்தட்ட அதுதான்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய தகர டப்பா இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் அம்மா கட்டிப் பெருங்காயம் போட்டு வைத்திருந்தாள். பெருங்காயம் தீர்ந்த பிறகு கழுவி, வெயிலில் காயவைத்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டு வைத்தாள். இன்றைக்கும் அந்தப் பொத்தானை எடுத்துத் தைத்தால் சட்டையில் லேசாகப் பெருங்காயம் மணக்கும். பெருங்காயம் போய்விட்டது, மணம் போகவில்லை. இப்படி மனத்தில் தங்குவதைத்தான் "வாசனை" என்கிறார்கள். நம் பேச்சில் "பூர்வ ஜென்ம வாசனை" என்று சொல்வது இதிலிருந்து வந்தது. செயல் விட்டுச் செல்லும் பதிவுக்குச் "சம்ஸ்காரம்" என்று பெயர். பதிவு சம்ஸ்காரம், அந்தப் பதிவு நம்மை ஒரு பக்கமாக இழுப்பது வாசனை. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரு உதாரணம். பேருந்தில் சில்லறைக்காக நடத்துநரிடம் கத்துகிறீர்கள். அவரும் கத்துகிறார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறீர்கள், விஷயம் முடிந்தது. வெளியே முடிந்தது. உள்ளே ஒரு தடம் விழுந்திருக்கிறது. மண் பாதையில் ஒரு வண்டி போனால் அடுத்த வண்டியின் சக்கரமும் அதே தடத்தில் இறங்குமே, அதுபோல. மறுநாள் கடைக்காரரிடம் கத்துவது கொஞ்சம் சுலபமாகிறது. ஒரு வருடம் கழித்து வீட்டில் சின்னக் குழந்தையிடம் கத்தும்போது அது நீங்கள் செய்த செயலாகவே தெரிவதில்லை, "என் சுபாவம்" என்று தோன்றுகிறது. செயல் தடமாகிறது, தடம் மீண்டும் செயலாகிறது. கர்மா என்ற இயந்திரத்தின் உள்பாகம் இதுதான். இதற்கு வெளியிலிருந்து வந்து அடிக்கிற கை எதுவும் தேவையில்லை.

பதஞ்சலியின் யோக நூலான யோக சூத்திரம் இன்னொன்றையும் சேர்க்கிறது. வினைகளின் தேக்கத்துக்கு வேராக இருப்பவை ஐந்து: அறியாமை, நான் என்னும் எண்ணம், விருப்பு, வெறுப்பு, உயிர்மேல் உள்ள பற்று. ஆக, ஒரே செயலை இரண்டு பேர் செய்தாலும் பதிவு ஒன்றாக இருக்காது. அறுவை செய்கிற மருத்துவரும் கத்தியை வைக்கிறார், வழிப்பறிக்காரனும் கத்தியை வைக்கிறான். எந்த வேரிலிருந்து செயல் எழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே தடம் விழுகிறது.

ஒரு பிறவியில் இதெல்லாம் நம் கண்ணுக்கே தெரிகிறது. மறுபிறவி என்பதை ஏற்கிறவர்கள் இதையே நீட்டிக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த உடம்பு விழுந்த பிறகும் பதிவுகளைச் சுமந்து செல்வதற்கு ஒரு நுண்ணிய அமைப்பு உண்டு, மனமும் புலன்களின் ஆற்றலும் சேர்ந்தது அது என்கிறார்கள். அதன் பெயர் "சூக்கும சரீரம்". காற்று பூவிலிருந்து மணத்தை எடுத்துப்போவதுபோல உயிர் இவற்றை எடுத்துக்கொண்டு போகிறது என்று கீதை 15ஆம் அத்தியாயத்தில் வருகிறது. பூ வருவதில்லை, மணம் வருகிறது.

பத்தாயம், உலை, வயல்

கர்மா என்றாலே முன்பே எழுதி முடித்தது, ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தக் குழப்பம் தீர மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். நெல்லையே வைத்துப் பார்ப்போம்.

பழைய வீடுகளில் ஆள் உயரத்துக்குப் பத்தாயம் இருக்கும். போன வருடத்து நெல், அதற்கு முந்தைய வருடத்து நெல் எல்லாம் அதில் சேர்ந்து கிடக்கும். இது "சஞ்சிதம்", சேர்ந்துகிடக்கும் வினை. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குத்தி, இன்றைக்கு உலையில் போட்டாகிவிட்டது. இது "பிராரப்தம்", இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்துவிட்ட பங்கு. சைவ நூல்களில் பிராரத்தம் என்றும் எழுதுவார்கள். அதே நேரத்தில் வயலில் புதிதாக விதைத்துக்கொண்டும் இருக்கிறோம். இது "ஆகாமியம்", இனிமேல் பலன் தரப்போகும் வினை.

உலையில் கொதிக்கிற அரிசியை மறுபடி நெல்லாக்க முடியாது. எந்த உடம்பு, யாருக்குப் பிள்ளையாகப் பிறந்தோம் என்பதெல்லாம் அந்தப் பங்கு. ஆனால் வயலில் எதை விதைப்பது என்பது இன்னும் நம் கையில். நம் ஊர்ப் பேச்சில் "விதி" என்று சொல்லும்போது உலையையும் வயலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். திருக்குறளில் "ஊழிற் பெருவலி யாவுள" என்று சொன்ன அதே கை, ஆள்வினையுடைமையில் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்று எழுதியிருக்கிறது. முரண்பாடு போலத் தோன்றும். முதலாவது உலையைப் பற்றியது, இரண்டாவது வயலைப் பற்றியது என்று வைத்துப் படித்துப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் விளங்கியது. (ஊழ் என்ற கருத்து சமணம், பௌத்தம் உட்படப் பல மரபுகளுக்குப் பொதுவானது. இந்து மதத்துக்கு மட்டும் சொந்தம் என்று சொல்வதற்கில்லை.)

கடவுள் இதில் எங்கே வருகிறார்? பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய ஆதிசங்கரர் இதற்கும் வயலைத்தான் காட்டுகிறார். மழை எல்லாப் பயிருக்கும் பொதுவாகப் பெய்கிறது. ஒன்று நெல்லாகவும் ஒன்று பார்லியாகவும் விளைவதற்குக் காரணம் அந்தந்த விதை. ஈசுவரன் மழையைப் போல. பாரபட்சம் காட்டுவதும் இல்லை, கோபத்தில் அடிப்பதும் இல்லை. "சாமி தண்டிச்சிருச்சு" என்ற பேச்சுக்கு இந்த உரையில் இடமே கிடையாது.

இருட்டில் கேட்கும் குரல்

இப்போது இரண்டாவது சொல். உணர்வு.

தமிழில் இங்கேயே ஒரு சிக்கல் வருகிறது. உணர்வு என்றால் கோபம், சோகம் போன்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறோம். மருத்துவமனையில் "நினைவு திரும்பிடுச்சா?" என்று கேட்கிறோம், அது ஞாபகத்தைக் குறிக்கும் சொல். நூல்கள் பேசுவது இவை இரண்டையும் இல்லை. எதுவானாலும் "தெரிகிறது" என்று இருக்கிறதே, அந்தத் தெரியும் தன்மையைப் பேசுகின்றன. அதன் பெயர் "சைதன்யம்". சச்சிதானந்தம் என்ற சொல்லின் நடுவில் இருக்கும் "சித்" இதுதான்.

பிருகதாரண்யகத்தில் ஜனக மன்னர் யாக்ஞவல்கியரிடம் கேட்கிறார்: மனிதனுக்கு வெளிச்சம் எது? சூரியன் என்கிறார் யாக்ஞவல்கியர். சூரியன் மறைந்தால்? நிலா. நிலாவும் மறைந்தால்? நெருப்பு. நெருப்பும் அணைந்தால்? குரல். இந்த இடம் முதலில் எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம்தான் சின்ன வயதில் கரண்ட் போன மழை ராத்திரிகள் ஞாபகத்துக்கு வந்தன. கண்ணைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒரே இருட்டு. அடுப்படியிலிருந்து அம்மா, "அங்கயே நில்லு, வலது பக்கம் சுவத்தப் புடிச்சிட்டு வா" என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரல்தான் விளக்கு. அதைப் பிடித்துக்கொண்டு நடப்போம்.

ஜனகர் விடவில்லை. குரலும் அடங்கிவிட்டால்? அப்போது ஆத்மாவே வெளிச்சம் என்கிறார் யாக்ஞவல்கியர். இருட்டு என்பதே ஒருவருக்குத் தெரிகிறதே. "ஒன்றும் தெரியவில்லை" என்பதும் தெரிகிறதே. எந்த வெளிச்சத்தில் அது தெரிகிறது?

மனம் வேறு, வெளிச்சம் வேறு

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். மனமும் சைதன்யமும் ஒன்று என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். உபநிடதங்களை அடிப்படையாகக் கொண்ட வேதாந்தமும், இன்னொரு பழைய தத்துவ மரபான சாங்கியமும் அப்படிச் சொல்வதில்லை. மனம் ஒரு கருவி. கண், காது மாதிரி உள்ளே இருக்கும் கருவி. அதனால் அதற்கு "அந்தக்கரணம்", உட்கருவி என்று பெயர். அதற்கு நான்கு வேலை: நினைப்பது மனம், தீர்மானிப்பது புத்தி, சேமித்து வைப்பது சித்தம், "நான்" என்று உரிமை கொண்டாடுவது அகங்காரம். திமிர் என்ற அர்த்தத்தில் இல்லை, "நான்" என்ற எண்ணமே அகங்காரம்.

இந்த நான்கும் கண்ணாடிபோல. தாமாக ஒளிர்வதில்லை. சைதன்யம் படுவதால் ஒளிர்கின்றன.

14ஆம் நூற்றாண்டில் வித்யாரண்யர் எழுதிய பஞ்சதசியில் ஒரு நாடக மேடை விளக்கு வருகிறது. விளக்கு தலைவனையும் காட்டுகிறது, கூடியிருப்பவர்களையும் காட்டுகிறது, ஆடுகிறவளையும் காட்டுகிறது. ஆட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு காலி மேடையையும் அதே மாதிரி காட்டிக்கொண்டு நிற்கிறது. விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். துரியோதனன் செத்தபோது விளக்கு அழவில்லை, பீமன் ஜெயித்தபோது கூடுதலாக எரியவும் இல்லை. இப்படி எதிலும் சேராமல் எல்லாவற்றையும் தெரியவைப்பதைச் "சாட்சி" என்கிறார்கள். மேடையில் ஆடுவது மனம், அதன் பதிவுகள், அதன் ஆசைகள். விளக்கு சைதன்யம்.

நின்று ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். வினையின் பதிவுகள் இருப்பது மனத்தில். மனம் ஒரு கருவி. அந்தக் கருவியைத் தெரியவைக்கும் வெளிச்சத்தில் பதிவு எதுவும் இல்லை.

அப்படியானால் "நான் செய்தேன்" என்பது யார்?

இரண்டு சொற்களும் சந்திக்கும் முடிச்சு இது. நான் எழுத வந்ததே இதற்காகத்தான்.

கொல்லுப் பட்டறையில் உலையிலிருந்து எடுத்த இரும்புக் குண்டைப் பாருங்கள். செக்கச்செவேல் என்று இருக்கும். தொட்டால் சுடும். "இரும்பு சுட்டுவிட்டது" என்றுதான் சொல்வோம். சுட்டது நெருப்பு. "நெருப்புக் குண்டு உருளுது" என்றும் சொல்வோம். உருண்டையாக இருப்பது இரும்பு. இரண்டும் கலந்துபோய், ஒன்றின் குணத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிப் பேசுகிறோம். மனமும் சைதன்யமும் இப்படிக் கலந்து தெரிவதாக வேதாந்திகள் சொல்கிறார்கள். மனம் செயல்படுகிறது, அதற்கு அறிவு இருப்பதுபோலத் தெரிகிறது. சைதன்யம் அறிவாக இருக்கிறது, அது செயல்படுவதுபோலத் தெரிகிறது. இந்தக் கலப்பில் பிறப்பதுதான் "நான் செய்தேன்" என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்குக் "கர்த்திருத்துவம்", செய்பவன் தன்மை என்று பெயர்.

கர்மா ஒட்டுவது இந்த இடத்தில்தான். முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பழத்தைத் தின்கிறது. இன்னொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. தின்னும் பறவைக்குத் தித்திப்பும் கசப்பும் உண்டு. நாம் நம்மைத் தின்னும் பறவை என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கிறோம்.

திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி, 1928இல் தமிழில் எழுதிய உள்ளது நாற்பதின் 38ஆம் வெண்பாவில் இதை நேராகப் போட்டுடைக்கிறார். வினைமுதல் நாம் என்றால் விளையும் பயனை நாம்தான் துய்ப்போம். "வினைமுதல் ஆர்" என்று விசாரித்துத் தன்னை அறிந்தால், செய்பவன் தன்மை போய், கருமம் மூன்றும் கழன்றுவிடும். பத்தாயம், உலை, வயல், மூன்றும். வினைமுதல் என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இலக்கணத்தில் அது எழுவாய். வாக்கியத்தில் எழுவாயை எடுத்துவிட்டால் வினை யார்மேல் போய் நிற்கும்?

யோக சூத்திரத்தின் பழைய உரையும் நெல்லைத்தான் கையில் எடுக்கிறது. உமியோடு இருக்கும்வரை நெல் முளைக்கும். உமியை நீக்கினாலோ வறுத்துவிட்டாலோ முளைக்காது. அரிசியை விதைத்து யாராவது அறுத்ததுண்டா? அறியாமையும் "நான்" என்ற எண்ணமும்தான் உமி. அது போனபின் வினை முளைப்பதில்லை.

கீதையின் "கர்மண்யேவாதிகாரஸ்தே" என்ற சுலோகத்தை இந்த வெளிச்சத்தில் படித்தால் வேறு மாதிரி இருக்கும். "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே" என்று அதைச் சுருக்கி, சம்பள உயர்வு கேட்கிறவரிடம்கூட மேற்கோள் காட்டுகிறார்கள். மிகத் தவறான பயன்பாடு அது. அங்கே பேசப்படுவது, பலனோடு "நான்" போய் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பசையைப் பற்றி. செய்யாமல் சும்மா இருப்பதில் பற்று வைக்காதே என்றும் அதே சுலோகத்தின் கடைசி அடி சொல்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

எல்லாரும் ஒத்துக்கொண்ட பதில் இல்லை

மேலே சொன்னதில் பெரும்பகுதி அத்வைதம் (சங்கரர் வழி வேதாந்தம்), சாங்கியம், யோகம் ஆகியவற்றின் பார்வை. இந்து மதம் என்ற பெயரின் கீழ் வேறு விடைகளும் சம உரிமையோடு இருக்கின்றன. தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினர், அறிவு ஆத்மாவின் இயல்பே இல்லை, மனத்தோடு சேரும்போது வந்துபோகும் குணம் என்றார்கள்.

ராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தில் உயிர் ஒரு சுடர், அதன் அறிவு அந்தச் சுடரின் ஒளி. வினையால் அந்த ஒளி சுருங்கும், முக்தியில் முழுதாக விரியும். குடத்துக்குள் இட்ட விளக்கு என்று நாம் சொல்வோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே வினை அறிவின் அளவையே கூட்டிக் குறைக்கிறது.

தமிழ் மண்ணில் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் வகுத்துத் தந்த சைவ சித்தாந்தம் இன்னொரு வழி. இங்கே உயிரைக் கட்டும் கட்டு மூன்று: ஆணவம் (உயிரின் அறிவை மறைக்கும் இருள்), கன்மம் (வினை), மாயை (உடலும் உலகும் தோன்றும் மூலம்). உயிர் பளிங்குபோல எதைச் சார்கிறதோ அதன் நிறமாகிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தாலும் வெளிச்சம் இல்லாமல் பார்க்க முடியாது. அதுபோல உயிர் அறிவுடையதுதான், ஆனால் இறைவன் அறிவித்தால்தான் அறியும். ஆக, வினை கழல்வதும் தன் விசாரணையால் மட்டும் நடப்பதில்லை, அருள் வேண்டும். உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் இரண்டே அடியில் இதைச் சொல்கிறார்: "ஏன்ற வினையுடலோ டேகும் இடையேறும் வினைதோன்றில் அருளே சுடும்." ஏற்றுக்கொண்டு வந்த வினை உடலோடு போகும். நடுவில் புதிதாக ஏறினால் அதை அருள் எரித்துவிடும். உலையும் வயலும் இங்கேயும் வந்துவிட்டன.

அடுத்தவர் வினை

இப்போது அந்த மருத்துவமனை வாசலுக்கு வருகிறேன்.

"நான் செஞ்சதுக்கு இவன ஏன் படுத்தணும்?" இந்தக் கேள்விக்குத் தத்துவ நூல்களின் பதில் நேரானது. செய்தவருக்கே பலன். செய்தது பலனில்லாமல் அழிவதும், செய்யாதது தலையில் வந்து விழுவதும் இந்தக் கோட்பாட்டில் குற்றங்களாகவே பேசப்படுகின்றன. தாய் செய்த வினைக்குப் பிள்ளை உடம்பில் தண்டனை என்பது புராணக் கதைகளில் வரலாம், கோட்பாட்டில் நிற்காது. அவளிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் அது பையன் செய்த வினையா? இதைக் கேட்கும்போது நெஞ்சு கொதிக்கும். கொதிக்கட்டும். மகாபாரதத்தில் ஒரு முனிவருக்கும் அப்படிக் கொதித்திருக்கிறது. மாண்டவ்யர் மௌன விரதத்தில் இருந்தபோது திருடர்கள் அவர் ஆசிரமத்தில் பொருளை ஒளித்துவைத்தார்கள். அவரும் கூட்டாளி என்று எண்ணி அரசன் அவரைக் கழுவில் ஏற்றினான். உயிர் போகவில்லை. பிறகு அவர் தர்மதேவதையிடமே போய், எந்த வினைக்கு இது என்று கேட்டார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தினாய், அதற்கு என்று பதில் வந்தது. மாண்டவ்யர் அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டவில்லை. சின்னத் தப்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று சீறி, நீ மனிதனாகப் பிறப்பாய் என்று தர்மதேவதைக்கே சாபமிட்டார். விதுரராகப் பிறந்தது அந்தத் தர்மதேவதைதான். அதோடு, 14 வயதுவரை செய்வது பாவம் ஆகாது என்று ஒரு வரம்பையும் வகுத்தார். வினைக் கணக்கை எதிர்த்து நின்ற குரலையும் மரபு தன் பெரிய காவியத்திலேயே பத்திரமாக வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இழிந்த நடத்தை உடையவர்கள் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பார்கள் என்று சாந்தோக்கிய உபநிடதத்தில் வரி இருக்கிறது. இப்படிப்பட்ட வரிகளை வைத்து ஒரு மனிதரின் பிறப்பையே குற்றச்சாட்டாக மாற்றியிருக்கிறார்கள். பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிப்போகிறவனையும் பேசும் குறளுக்குப் பரிமேலழகர், அறத்தின் பயனை இவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று உரை சொன்னார். அவர்களைக் காட்டி "அறத்தின் வழி இது" என்று சொல்லவே வேண்டாம் என வள்ளுவர் தடுப்பதாகப் படிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். சைதன்யத்துக்குச் சாதி கிடையாது என்று ஒரு பக்கத்தில் படித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் பல்லக்குத் தூக்குகிறவனின் முன்வினையைக் கணக்குப் பார்க்க என்னால் முடியவில்லை.

கீதை 4ஆம் அத்தியாயத்தில் கண்ணனே, வினையின் போக்கு அறிவதற்கு அரியது என்கிறான். கண்ணனே அப்படிச் சொல்லும்போது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று இன்னொருத்தியின் போன ஜென்மத்தைப் படித்துச் சொல்ல நமக்கு என்ன தெரியும்? இன்னொருவர் துன்பத்தைப் பார்க்கும்போது அவருடைய உலையில் என்ன வேகிறது என்று நமக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நாம் சொல்லும் சொல் மட்டும் நம் வயலில் விழுகிறது.

கர்மாவைப் பற்றிய பேச்சு பிருகதாரண்யகத்தில் வரும் இடம் ஒன்று உண்டு. ஜனகரின் சபை. கூட்டம் நிறைந்திருக்கிறது. ஆர்த்தபாகர் என்பவர் யாக்ஞவல்கியரிடம் கேட்கிறார்: மனிதன் இறந்து, அவன் குரல் நெருப்பிலும், மூச்சு காற்றிலும், கண் சூரியனிலும், உடல் மண்ணிலும் கலந்துபோன பிறகு, அந்த மனிதன் எங்கே இருக்கிறான்? யாக்ஞவல்கியர் சபையில் பதில் சொல்லவில்லை. "உன் கையைக் கொடு அப்பா. இதை நாம் இரண்டு பேர் மட்டும் தெரிந்துகொள்வோம், இந்தக் கூட்டத்தில் வேண்டாம்" என்று அவரை அழைத்துக்கொண்டு வெளியே போகிறார். அங்கே அவர்கள் பேசியது கர்மாவைப் பற்றி என்கிறது உபநிடதம்.